வலியும் வேதனைத் தியானமும்

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆர்த்தத் தியானத்தை நான்காகப் பகுக்கிறார். வெறுத்தது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், வருங்காலப் போகத்திற்கு ஏங்குதல் என்பவற்றோடு, உடல் வேதனையையே இடைவிடாது எண்ணிக் கிடத்தலும் அவற்றுள் ஒன்று. இதனை நாம் ஏட்டளவில் படித்துக் கடந்துவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் வாழ்வோர்க்கோ அதுவே அன்றாட வாழ்வு.

மூன்று திங்களுக்கு மேல் நீடிப்பதை மருத்துவர் நாட்பட்ட வலி என்பர். காயம் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் விழிப்பு நிலையிலேயே நின்றுவிட, சிறு அசைவும் பெருவலியாக உணரப்படுவதுண்டு. மருந்தால் முழுதும் தீராத இவ்வலியோடு வாழக் கற்பிக்கும் பாடங்கள் இன்று இணையவழியே கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் வகுத்தது அவற்றுள் ஒன்று. எட்டு வாரங்களில் ஐந்து பாடங்கள் கொண்டது. வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது நோயாளர் பலரின் வழக்கம். வலி மிகுமுன்பே ஓய்ந்து, நாள்தோறும் அளவாகச் செய்து, அவ்வளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே இத்தகைய பாடங்கள் காட்டும் வழி. “இனி நான் எதற்கும் உதவேன்” என்று எழும் எண்ணம் மெய்தானா என்று ஆராயவும் பயிற்சி உண்டு.

இப்பாடத்தைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வில் 490 பேர் பங்குகொண்டனர். வல்லுநரின் துணையைத் தவறாது பெற்றவரும், வேண்டும்போது மட்டும் பெற்றவரும், பெறாதவரும் ஏறத்தாழ ஒரே அளவில் பயனடைந்தனர். வலி குறைந்தது சிறிதளவே. மனச்சோர்வும் கவலையும் அதனினும் மிகுதியாகக் குறைந்தன.

எதைக் கண்டாலும் “இது நம் ஆகமத்தில் முன்பே உள்ளது” என்று கூறிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அதனை இங்கே தவிர்ப்போம். அவர்கள் வினை நீக்கத்திற்காக இதனை வகுக்கவில்லை. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. வலி அசாதா வேதனீயத்தின் உதயம்; அதன்மேல் நாம் ஏற்றும் அச்சமும் வெறுப்பும் மோகனீயத்தின் செயல். முன்னது வந்த வினை. பின்னதோ புதுவினைக்கு ஊற்று. முன்னது நீங்காதிருக்கவும் பின்னதைக் குறைக்க இயலும் என்பதற்கு அந்த 490 பேரின் அனுபவம் சான்றாகிறது.

அவ்வாறாயின், “வந்த வினையை அனுபவித்தே தீர வேண்டும், பொறுத்துக்கொள்” என்று நோயுற்றாரிடம் கூறலாமா? நம் இல்லங்களில் அப்படிக் கூறுவோர் உளர். சனத்குமாரச் சக்கரவர்த்தி துறவு பூண்டபின் நோயுற்றதையும், மருத்துவர் வடிவில் வந்த தேவரிடம் பிறவி நோயைத் தீர்க்க இயலுமா எனக் கேட்டதையும் எடுத்துக்காட்டுவர். அவர் முனிவர், நோயைப் பொறுத்தலைத் தாமே ஏற்றார். கட்டிலில் புரளும் மூதாட்டி அவ்விரதம் ஏற்றவரல்லர். அவருக்கு நாம் கடன்பட்டது ஔஷத தானமே. வினையை நினைந்து பொறுத்தல் தன் வலிக்கு ஒருவர் தாமே சொல்லிக்கொள்ளத் தக்கது. பிறர் வலிக்குச் சொன்னால் அது கருணையின்மைக்குப் போர்வையாகிவிடும். “பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை, அதனால்தான் வலி” என்பதும் அதே குற்றத்தின் புது வடிவம். புதிதாகத் தோன்றும் வலியை மருத்துவரிடம் காட்டாது இப்பயிற்சியிலேயே இருத்தலும் தவறு.

மக்குவாரிப் பாடங்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. பேரன் ஒருவன் மாலையில் பாட்டியின் அருகே அமர்ந்து, நாளொரு பகுதியைத் தமிழில் சொல்லி, அவரோடு முற்றத்தில் பத்து நிமிடம் நடப்பானாயின், அதனை ஔஷத தானத்தில் சேர்ப்பதா, சாத்திர தானத்தில் சேர்ப்பதா என்பது நமக்குத் தெளியவில்லை.