நிழலுக்குப் பழகுதல்

நர்சரியில் போய் "நிழலில் வளர்ற மாதிரி ஏதாவது கொடுங்க" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலில் ஆசைப்பட்டது வேறொரு செடியாகத்தான் இருக்கும். மல்லிகை, ரோஜா, செவ்வந்தி. வெயில் கிடையாது என்று உறுதியான பிறகுதான் பெரணியின் அழகு கண்ணில் படுகிறது. அந்த அழகு அங்கே உண்மையாகவே இருக்கிறதா, இல்லை, வேறு வழியில்லாதபோது நாம் வரவழைத்துக்கொண்டதா? செடி விஷயம்தானே என்று என்னால் இதைத் தள்ளிவிட முடியவில்லை. "எனக்கு இதுவே போதும்" என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் எனக்கு வருகிறது.

கோவையில் எங்கள் வீட்டின் கிழக்குப் பக்கம் 18 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மண் துண்டு உண்டு. மூன்று வருடம் முன்பு பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பியது. காலை வெயில் அதோடு போனது. சாயங்கால வெயிலை எங்கள் வீடே மறைத்துக்கொள்ளும். மிச்சம் உச்சிப்பொழுதில் ஒன்றரை மணி நேரம். இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன் (பொறியாளன் புத்தி, எதற்கும் ஒரு ஆவணம் இருக்கும் என்று நம்பும்). 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் வெளிச்சத்துக்கு இடம் இருக்கிறது. ஒரு கட்டடம் 20 ஆண்டுகள் இடையூறில்லாமல் வெளிச்சத்தை அனுபவித்து வந்திருந்தால் அது உரிமையாகிவிடும். ஆனால் திறந்த நிலத்துக்கு அப்படி ஓர் உரிமை உண்டாகாது என்று அதே சட்டம் தனியாகச் சொல்லிவிடுகிறது. ஜன்னலுக்கு வழக்கு உண்டு, மல்லிகைக்குக் கிடையாது.

ஆகவே பழகிக்கொள்ள வேண்டியதுதான். தத்துவத்தில் இந்தப் பழகுதலுக்கு ஒரு விசாரணையே இருக்கிறது. யான் எல்ஸ்டர் 1983இல் எழுதிய நூலின் தலைப்பே 'புளித்த திராட்சை'. எட்டாத பழத்தைப் புளிப்பு என்று சொன்ன நரி பொய் சொல்லவில்லை, அதன் ஆசையே மாறிவிட்டது என்பதுதான் அவருடைய கவலை. அமர்த்தியா சென் இதை இன்னும் கடுமையான இடத்துக்குக் கொண்டுபோகிறார்: காலமெல்லாம் ஒடுக்கப்பட்டவர், கிடைக்கக்கூடியதை மட்டுமே ஆசைப்படக் கற்றுக்கொள்கிறார். எனவே ஒருவர் திருப்தியாக இருக்கிறார் என்பதை வைத்து அவருக்கு அநீதி நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. மென்பொருளில் இது எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஒரு பிழையைச் சுற்றிப்போக யாரோ போட்ட குறுக்குவழி ஐந்து வருடம் கழித்து 'இப்படித்தான் டிசைன்' என்று கையேட்டில் ஏறிவிடும்.

ஆனால் எல்ஸ்டர் ஒரு வித்தியாசமும் செய்கிறார். நம்மை அறியாமல் நம் முதுகுக்குப் பின்னால் ஆசை மாறுவது ஒன்று. ஸ்டோயிக்குகளும் பௌத்தர்களும் சொன்னதுபோல, தெரிந்தே ஆசையைத் திருத்திக்கொள்வது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் சங்கடம்.

செடிகளிடம் இந்தச் சங்கடம் இல்லை. வெயில் குறைந்ததும் மல்லிகை என்ன செய்தது என்று பார்த்தேன். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டது, தண்டு மெலிந்தது, எல்லாக் கிளையும் தெருப்பக்கமாகச் சாய்ந்தது. அது பழகிக்கொள்ளவில்லை, தப்பிக்கப் பார்த்தது. பெரணியோ அகலமான மெல்லிய இலையோடு இருக்கிற வெளிச்சத்தை மிச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. அதைத் தூக்கி வெயிலில் வைத்தால் ஓரம் கருகிவிடும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முதலில் நட்டு நிழலை உண்டாக்கிய பிறகுதான் கொடியை ஏற்றுகிறார்கள். வெற்றிலையைப் பார்த்து "பாவம், வெயில் கிடைக்கவில்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரணியும் வெற்றிலையும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தது நாங்கள்தான்.

வருடா வருடம் மாற்றாமல் நிலைத்து நிற்கும் செடிகள் வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. பக்கத்துச் சுவரை ஒட்டி ஆடாதோடை, அது உயர்ந்து சிமெண்டை மறைக்கும். அதற்கு முன்னால் பெரணியும் மருளும். குழாயடியில் ஈரம் சொதசொதவென்று நிற்கிற இடத்தில் சேம்பு. தெருமுனையில் வெளிச்சம் கொஞ்சம் கூடுதல், அங்கே வெட்சி. தரைக்குத் திப்பிலி. ஒரே செடியாக நாலைந்தைச் சேர்த்து வைத்தால்தான் நிழலில் கண்ணுக்கு நிற்கும், ஒன்று ஒன்றாக வைத்தால் இருட்டில் கரைந்துவிடும். கச்சோலத்துக்கு நடுவில் ஓர் இடம் விட்டேன். கோடையில் இலை முழுக்க மறைந்து கிழங்கு மண்ணுக்குள் உறங்கும் செடி அது. ஒன்றுமில்லை என்று யாராவது கொத்திவிடக் கூடாதே என்று அந்த இடத்தைச் சுற்றிக் கூழாங்கல் வைத்தேன்.

அம்மா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டார், கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். இப்போது கேட்டால், "படிச்சிருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிருக்கப் போறேன் கண்ணு" என்பார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. எல்ஸ்டரைப் படித்த பிறகு அதுதான் எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. இது தெரிந்தே வந்த நிறைவா, திராட்சையா? பெரணியை வெயிலில் வைத்துப் பார்ப்பதுபோல அறுபது வயதில் ஒருவரை இன்னொரு வாழ்க்கையில் வைத்துப் பார்க்க முடியாது. "நீங்க ஏமாத்தப்பட்டீங்க" என்று நான் சொன்னால் அவர் நாற்பது வருடமாகக் கட்டிய ஒன்றை இடித்ததாகும். சொல்லாமல் விட்டால் அன்று முடிவெடுத்தவர்களுக்கு நான் இன்று நற்சான்று கொடுத்ததாகும். என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: அவருடைய நிறைவை நம்பலாம், ஆனால் அதை அவர்களுக்குச் சாதகமான சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை என்றாலும் இரண்டு வேறு கணக்குகள்.

என் வரைபடத்தில் மல்லிகை நின்ற இடமும் பெரணிக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. கடப்பாரையை எடுத்தபோது அம்மா தடுத்தார்.

"அதை உடு, கெடக்கட்டும்."

"பூக்காதும்மா."

"எனக்குத் தெரியாதா? கெடக்கட்டுங்கறேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வரைபடத்தைத் திருத்தினேன். மல்லிகையின் காலடியில் வல்லாரை வைத்தோம், அதற்கு வெயில் அதிகம் வேண்டாம். தெருப்பக்கம் சாய்ந்து போகும் கிளைகளுக்கு அம்மா கேட்டின் கம்பி வரைக்கும் ஒரு கயிறு கட்டிவிட்டிருக்கிறார்.