பழுது நீக்குவோன் அறம்

மட்டாஞ்சேரி அரண்மனையை 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663-இல் டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டனர். உலகமோ அதனை ‘டச்சு அரண்மனை’ என்றே அழைக்கின்றது. கட்டியவர் பெயர் மறைய, செப்பனிட்டவர் பெயர் நின்றது! பழுது நீக்குவோனின் உரிமைக்கு எல்லை யாது?

பழைய கருவிகளைப் பேணும் அமெச்சூர் வானொலி அன்பர்களுக்கு இவ்வினா புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் பயன்பட்ட பிசி-348 ரிசீவர், போருக்குப் பின் மலிவாக விற்பனைக்கு வந்தது. விமானத்தின் 28 வோல்ட் மின்சாரத்துக்கென அமைந்த டைனமோட்டாரைக் கழற்றிவிட்டு, வீட்டு மின்சாரத்தில் இயங்குமாறு பலர் அதனை மாற்றினர். பழைய வடிவையே போற்றுவோர் இதனைச் சிதைவு என்பர். ஆயினும், அம்மாற்றமன்றோ அதனைக் குப்பைமேட்டினின்று காத்தது!

மாறாமை மட்டுமே உண்மையாகாது. காகிதச் சுருள் மின்தேக்கிகள் நாளடைவில் ஈரமேறிக் கசியும். மாற்றாவிடின் வால்வுகளுக்கும் கேடு. பழைய கூட்டினுள் புதியதைப் பொதிந்து வைப்போர் உளர். சொல்லிச் செய்தால் அது கலை. மறைத்து விற்றால் வஞ்சனை. மின்தேக்கியை மீண்டும் மாற்றலாம். முகப்புத் தகட்டில் இட்ட துளை மீளாது. இளமையில் ஒரு ரிசீவரின் முகப்பில் நான் இட்ட துளை, இன்றும் என்னை உறுத்துகின்றது.

ஆகவே, அறம் இரண்டு: பின்வருவோன் பழைய நிலைக்கு மீட்கத்தக்கவாறு மாற்றுக, மாற்றியதை எழுதிப் பெட்டியினுள்ளே வைத்திடுக. பழுது நீக்குவோன் உடைமையாளன் அல்லன், இடைக்காலக் காவலனே.