பழியும் பொறுப்பும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எந்த இடத்தில் நிறுத்தினால் படிப்பவர் மனம் நிறையுமோ அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். காதலர்கள் கைப்பிடித்தவுடன் 'சுபம்' என்று போட்டுவிட்டால், அதற்கப்புறம் அந்த வீட்டில் பால் கணக்கை யார் பார்த்தார்கள், மாமியாருக்கும் மருமகளுக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. வாழ்க்கைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. சுபம் என்ற இடத்தைத் தாண்டியும் அது நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த நாளில் அப்படிச் சுபமாக முடிக்கப்படும் கதைகளில் ஒன்று, உடல் பருமனுக்குச் செய்கிற ரண சிகிச்சை. விளம்பரங்களில் இரண்டு படங்களை அருகருகே போடுகிறார்கள். இடப்புறம் மூச்சு வாங்க நிற்கும் ஒருவர். வலப்புறம் அவரே, பழைய சட்டைக்குள் இன்னொரு ஆள் புகுந்துகொள்ளலாம் என்கிற அளவுக்கு மெலிந்து, சிரித்துக்கொண்டு. கதை அங்கே முடிகிறது. ஐந்து வருஷமோ எட்டு வருஷமோ கழித்து மூன்றாவது படம் ஒன்று எடுத்தால் எப்படி இருக்கும் என்று யாரும் காட்டுவதில்லை. பலருக்கு அதில் எடை கொஞ்சம் திரும்பியிருக்கும். சிலருக்கு நிறையவே திரும்பியிருக்கும்.

அந்த மூன்றாவது படத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதில் வைத்தியம் மட்டும் இல்லை, தர்மமும் கலந்திருக்கிறது. இறங்கிய எடை மறுபடி ஏறினால் அது யாருடைய குற்றம்? குற்றம் என்ற சொல்லே அங்கே பொருந்துமா?

காஞ்சீபுரத்தில் எனக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை. எட்டு வருஷங்களுக்கு முன் சென்னையில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டாள். அப்போது அவளுக்கு நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி மூன்றும் இருந்தன. ஏகாம்பரநாதர் கோயிலை ஒரு முறை வலம் வருவதற்குள் நாலு இடத்தில் உட்காருவாள். சிகிச்சைக்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் நாற்பது கிலோ குறைந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று டாக்டரே சொன்னார். ரவிக்கைகளையெல்லாம் பிரித்துச் சிறிதாக்கக் கொடுத்தபோது, தையற்காரர் உள்பக்கம் இரண்டு விரல் துணியை மடித்து விட்டுத் தைத்தாராம்.

"இது எதற்கு? வெட்டிவிடுங்கள்" என்றிருக்கிறாள் இவள்.

"இருக்கட்டும் அம்மா, உடம்பு எப்போதும் ஒரே மாதிரியா இருக்கும்?" என்றாராம் அவர்.

நாலு வருஷம் கழித்து அந்த இரண்டு விரல் துணி தேவைப்பட்டது. இறங்கிய நாற்பதில் பதினெட்டு கிலோ இன்று திரும்பி வந்துவிட்டது. அதைக்கூடப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷமாக அவள் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டாள். தினம் சாப்பிட வேண்டிய சத்து மாத்திரைகளையும் விட்டுவிட்டாள். ஏனென்று கேட்டேன்.

"எந்த முகத்தோடு போவேன், அண்ணா? இவ்வளவு பணம் செலவழித்து, வயிற்றை அறுத்துக்கொண்டும் ஒருத்தியால் வாயைக் கட்ட முடியவில்லை என்றுதானே நினைப்பார்?"

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"அவர் சொல்லவில்லை. ஊரே சொல்கிறதே!"

ஊர் சொல்வது உண்மைதான். காஞ்சீபுரம் விருந்தோம்பலுக்குப் பேர்போன ஊர். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி வீட்டுக்கு வந்தால், மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க ஒரு துண்டை வெட்டி நீட்டுவார்கள். "பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா?" என்பார்கள். கல்யாண வீட்டில் இலையைக் கையால் மறைத்தாலும் விரல் இடுக்கு வழியாக ஒரு ஜாங்கிரி விழுந்துவிடும். அதே பந்தியில் கை கழுவி வருவதற்குள், "என்ன, பழையபடி ஆகிவிட்டாயே! ஆபரேஷன் பலிக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்பார். ஊட்டுகிற கையும் பழிக்கிற வாயும் பெரும்பாலும் ஒரே ஆளுடையவை.

பழிப்பவர்களின் மனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வயிற்றைச் சிறிதாக்கியாயிற்று, இனி நிறையத் தின்ன முடியாது, அப்படியும் பருத்தால் அது மனத்தின் பலவீனம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு இந்தக் கணக்கின்படி நடப்பதில்லை.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்ற ரண சிகிச்சை நிபுணர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட நோயாளிகள் அப்புறம் மெலிந்தே இருந்தார்கள். அதை வைத்து 1966-ல் பருமனுக்கென்றே இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் சிகிச்சையை ஆரம்பித்தார். இப்போது மிகுதியாகச் செய்யப்படும் இன்னொரு முறையில், இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நெடுக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது ஓர் ஆழாக்குக்கும் குறைவாகத்தான் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான் ஊறுகிறது. அதனால் முதலில் பசியே அடங்கிப்போகிறது.

ஆனால் பசியின் தலைமையிடம் வயிறு அல்ல, மூளை. உடம்பில் உள்ள கொழுப்பே லெப்டின் என்ற ஒரு சுரப்பை வெளியிட்டு, 'கையிருப்பு இவ்வளவு இருக்கிறது' என்று மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இது கண்டுபிடிக்கப்பட்டது 1994-ல். கொழுப்பு கரைந்தால் லெப்டினும் குறைகிறது. மூளை அதை அழகு என்று எடுத்துக்கொள்வதில்லை. பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. செலவைச் சுருக்கி, பசியைப் பெருக்குகிறது. ரண சிகிச்சை இந்த எச்சரிக்கையை வெகுவாக அடக்கி வைக்கிறது, என்றென்றைக்குமாக அழித்துவிடுவதில்லை. வருஷங்கள் செல்லச் செல்ல இரைப்பையும் சற்று விரிந்து கொடுக்கிறது. பழைய பசி மெல்ல எட்டிப் பார்க்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்ஸெல் கீஸ் என்பவர் முப்பத்தாறு திடகாத்திரமான இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார். யுத்தத்தில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர்கள் அவர்கள். மன உறுதிக்கு அவர்களைவிட வேறு உதாரணம் வேண்டாம். உடம்பில் கால் பங்கு கரைந்தது. அப்புறம் சோறு கிடைத்தபோது, வயிறு முட்டத் தின்றும் பசி தீரவில்லை என்று தவித்தார்கள். மன உறுதி எங்கேயும் ஓடிவிடவில்லை. பட்டினியை ஞாபகம் வைத்துக்கொண்ட உடம்பு அவர்களைப் பிடித்து இழுத்தது.

ஸ்வீடன் தேசத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பருமனானவர்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மேசன் முறையில் சிகிச்சை பெற்றவர்களை மட்டும் பார்ப்போம். நூறு கிலோ இருந்தவருக்கு ஓரிரு வருஷத்தில் சராசரியாக 32 கிலோ இறங்கியது. பத்தாவது வருஷம் பார்த்தால் அந்த இறக்கம் 25 கிலோவாக நின்றது. ஏழு கிலோ திரும்பிவிட்டது. ஆகவே கொஞ்சம் ஏறுவது தவறிப்போன சிலருக்கு நேர்வதல்ல, அதுதான் வழக்கம். அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. கொஞ்சம் ஏறிய பிறகும், சிகிச்சை செய்துகொள்ளாதவர்களைவிட இவர்களிடையே சாவு குறைவாகவே இருந்தது.

பசியை நோய் என்று சொல்ல நாம் மேல்நாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பவளுக்கு எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி வருகிறது. அதை யாரும் அவளுடைய பேராசை என்று சொல்லவில்லை. 'யானைத்தீ' என்று நோய்க்குரிய பெயரே சூட்டியிருக்கிறார் சாத்தனார். பின்னால் மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பஞ்சத்தில் வாடிய ஜனங்களுக்குச் சோறிட்டது இதே காஞ்சி நகரத்தில்தான். வயிற்றை வைத்து ஒருவரைப் பழிப்பதற்குக் காஞ்சிக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கூச வேண்டும்.

"அப்படியானால் எல்லாம் சுரப்புகளின் வேலை, மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? கண்டதைத் தின்றுவிட்டு லெப்டின் மேல் பழி போடலாமா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஒருவர் விருந்துச் சாப்பாடு சாப்பிட முடியாதுதான். ஆனால் ஐஸ்கிரீமும் பழரசமும் சிறிய இரைப்பையிலும் தடையின்றி இறங்கிவிடும். முறுக்கை ஒவ்வொன்றாக நாள் முழுவதும் கொறித்துக்கொண்டே இருக்கலாம். அதைத் தடுக்க எந்தக் கத்தியாலும் முடியாது. இதில் மனிதனுக்குப் பங்கு இருக்கிறது. இல்லை என்று சொல்வது அவனைக் குழந்தையாக்குவது.

இங்கேதான் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று பழி, இன்னொன்று பொறுப்பு. பழி நேற்றைப் பார்க்கிறது. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்கிறது. பொறுப்பு இன்றைப் பார்க்கிறது. 'இனி என்ன செய்யலாம்?' என்று கேட்கிறது. நாம் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழி சொன்னால் பொறுப்பு வரும் என்று நம்புகிறோம். என் தங்கை விஷயத்தில் நடந்தது நேர்மாறு. பழி வந்ததும் பொறுப்பு போய்விட்டது. வெட்கம் அவளை முறுக்கிலிருந்து விலக்கவில்லை, டாக்டரிடமிருந்து விலக்கிவிட்டது.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். நெய்யும்போது ஒன்றிரண்டு அறுவது அன்றாட விஷயம். அதற்காக எந்த நெசவாளியும் தலையில் அடித்துக்கொள்வதில்லை. தறியை விட்டு எழுந்து ஓடிவிடுவதும் இல்லை. நாடாவை நிறுத்துகிறார், அறுந்த நுனியைத் தேடி எடுக்கிறார், முடிச்சுப் போட்டு மறுபடி அச்சில் கோத்துவிட்டு நெய்கிறார். இழை அறுந்ததால் புடவை கெடுவதில்லை. அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால்தான் நெடுகக் கோடு விழுகிறது.

எடை திரும்பியவர்களுக்கும் முடிச்சுப் போடும் வழிகள் உண்டு. முதல் வழி, வைத்தியரிடம் திரும்பிப் போவது. இரும்புச் சத்தும் பி12 வைட்டமினும் குறைந்திருக்கிறதா என்று ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் இது தவிர்க்க முடியாதது. இலையில் பருப்பையும் முட்டையையும் தயிரையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருவது, வேளை தவறிய கொறிப்பை விடுவது, நடப்பது, தூங்குவது எல்லாம் பழைய புத்திமதிகள், இன்றும் பயன்படுகின்றன. சிலருக்கு இரண்டாவது ரண சிகிச்சை தேவைப்படலாம். பசியை அடக்கும் ஊசி மருந்துகளும் 2025 முதல் எடை குறைப்புக்கென்றே நம் தேசத்தில் விற்பனையாகின்றன. ஆனால் அங்கேயும் 'சுபம்' கிடையாது. செமக்ளூடைட் என்ற மருந்தை நிறுத்தியவர்களுக்கு, இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டதாக 2022-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. கத்தியானாலும் ஊசியானாலும் அது ஆரம்பந்தான்; கூடவே இருந்து பார்த்துக்கொள்வதுதான் மீதி அத்தனையும்.

சென்ற மாதம் என் தங்கை டாக்டரிடம் போனாள். பி12 மிகவும் குறைந்திருந்தது. சர்க்கரை தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு வருஷம் வெட்கப்பட்டிருந்தால் பழைய வியாதிகள் மூன்றும் வந்து உட்கார்ந்திருக்கும். டாக்டர் கோபிக்கவில்லையாம். "ஏறிய பதினெட்டைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இறங்கியே இருக்கும் இருபத்திரண்டை எண்ணவில்லையே?" என்றாராம்.

வள்ளுவர் கோபத்தையும் பொறாமையையும் கள்ளையும் சூதையும் பெயர் சொல்லிக் கடிந்து தனித்தனி அதிகாரம் எழுதினார். பெருந்தீனிக்கு அப்படி ஒன்று எழுதவில்லை. அளவோடு உண்பதைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் 95-வது அதிகாரத்தில் இருக்கிறது. அதன் பெயர் 'மருந்து'. அளவு தெரியாமல் உண்பவனை எச்சரிக்காமல் அவர் விடவில்லை. பொறுப்பை அவனிடம் கொடுக்கத்தான் செய்கிறார். ஆனால் அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்தையே நாலு பங்காகப் பிரித்துவிடுகிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவன்.

எடை திரும்பிய ஒருவரைப் பார்த்து நாம் எப்போதும் முதல் பங்கைப் பற்றியே பேசுகிறோம். அந்த நாலாவது பங்கு யாருடையது என்று கேட்பதில்லை. அது வீட்டில் இருப்பவர்களுடையது; பந்தியில் பரிமாறுகிறவருடையது; தெருவில் நிறுத்தி விசாரிக்கிறவருடையது. அந்தப் பங்கைச் செய்வதற்குப் பெரிய தியாகம் ஒன்றும் வேண்டியதில்லை. மறைத்த இலையில் மறுபடி போடாமல் இருந்தால் போதும். "பழையபடி ஆகிவிட்டாயே" என்பதற்குப் பதில், "டாக்டரிடம் எப்போது போகவேண்டும்? துணைக்கு வரட்டுமா?" என்று கேட்டால் போதும்.