ஆறு மாசப் பகல்

மார்கழியில் எழுந்திருக்கச் சோம்பல்படும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: "நமக்கு ஒரு வருஷம், தேவர்களுக்கு ஒரு நாள். மார்கழிதான் அவங்களுக்கு விடியற்காலை!"

கதை என்று தள்ளிவிடாதீர்கள். தேதி கொஞ்சம் பிசகினாலும், அப்படி ஓர் இடம் பூமியில் இருக்கிறது. வட துருவத்தில் மார்ச் 20 வாக்கில் சூரியன் உதித்தால், செப்டம்பர் கடைசியில்தான் அஸ்தமனம். பிறகு ஆறு மாசத்துக்குச் சூரியனே கிடையாது. தென் துருவத்தில் இதுவே தலைகீழ்.

காரணம், பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. வருஷம் முழுக்கச் சாய்வின் திசை மாறுவதில்லை. அதனால் ஒரு துருவம் அரை வருஷம் சூரியனைப் பார்த்தபடி, அரை வருஷம் முகம் திருப்பியபடி. பூமி தினம் ஒரு சுற்று சுற்றினாலும், துருவம் பம்பரத்தின் ஆணி மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கிறது. தினசரி உதயம் அதற்கு ஏது?

காரைக்குடியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

இப்போது ஐந்தொகை போடுங்கள். வருஷத்துப் பகலையெல்லாம் கூட்டினால் காரைக்குடிக்கும் துருவத்துக்கும் ஏறத்தாழ ஒரே தொகை. பாதி வருஷம். கணக்கு டேலி! அப்புறம் ஏன் தென் துருவத்தில் நடுக்கோடையிலும் மைனஸ் 25 டிகிரிக் குளிர்? அங்கே சூரியன் 23.4 டிகிரிக்கு மேல் ஏறுவதே இல்லை. சாய்ந்து விழும் வெயில் பரவி நீர்த்துப்போகிறது. வந்ததிலும் பெரும்பகுதியைப் பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. நம் வளவு வாசலிலோ சித்திரை வெயில் உச்சியிலிருந்து நேராக இறங்குகிறது.

செட்டிநாட்டுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை ஏஜெண்ட்டாகப் போனவர்கள், பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர் திரும்புவார்கள். வந்த சில மாசம் வீடெல்லாம் வெளிச்சம். இன்றைக்கு சிங்கப்பூர், துபாய். "அவங்களுக்கு என்ன குறை வச்சேன்?" என்று கேட்கிற அப்பா பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் எல்லாம் டேலி. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அந்த ராத்திரியை எந்தப் பற்றில் எழுதுவது?

வயிற்றுப்பாடு கடல் தாண்டி இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. துருவம் இருக்கிற இடம் அப்படி.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டே, "ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறோமே, நாம் எந்தத் துருவத்தில் இருக்கிறோம்?