கிருமிக்கு ஓர் உருவம்

2021 மே மாதக் கடைசியில் கோவையின் தினசரி கொரோனா எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. அந்த மாதம்தான் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் ஒன்றரை அடி உயரக் கருங்கல் சிலையாக ‘கொரோனா தேவி’ எழுந்தருளினாள். 48 நாள் யாகமும் தொடங்கியது. கூடவே கேலியும். இந்தக் காலத்தில் கிருமிக்குப் போய்ச் சிலையா என்றார்கள்.

கோவைக்கு இது புதிதல்ல. நூறாண்டுக்கு முன் பிளேக் வந்து குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போன காலத்து நினைவாக இன்றும் ஊருக்குள் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன.

கிருமிக்கு உருவம் கொடுப்பது பக்தர்கள் மட்டும் செய்கிற வேலையும் அல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரச் சிற்பி லூக் ஜெரம் 2004 முதல் அதைத்தான் செய்கிறார். எச்.ஐ.வி., பெரியம்மை, பன்றிக் காய்ச்சல் எல்லாம் அவர் கையில் கண்ணாடியாகியிருக்கின்றன. வைராலஜி நிபுணர்களிடம் வடிவத்தைக் கேட்டறிந்து, கண்ணாடி ஊதும் கைவினைஞர்களோடு சேர்ந்து உருவாக்குகிறார். 2020-ல் செய்த கொரோனா 23 செ.மீ.; அசலைப்போல் இருபது லட்சம் மடங்கு. எதிலும் நிறம் கிடையாது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதற்கு நிறம் ஏது? செய்தித்தாளில் சிவப்பாக முள் சிலிர்த்து மிரட்டிய வைரஸ், யாரோ பிறகு வண்ணம் பூசியது. ஜெரமுக்கு நிறக்குருடு என்பதால் இந்தப் பூச்சு அவரை உறுத்தியதோ என்னவோ.

எச்.ஐ.வி. சிற்பத்தின் படத்தைப் பார்த்த நோயாளி ஒருவர் அவருக்கு எழுதினார்: தன் உடம்புக்குள் லட்சக்கணக்கில் இருப்பது இதுதான், தன்னைக் கொல்லப்போவதும் இதுவாக இருக்கலாம், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை, இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று.

அழகும் அச்சமும் ஒரே உருவில் நிற்பதைக் கண்டு அந்த நோயாளி திகைத்தார். மாரியம்மன் சந்நிதியில் நிற்பவருக்கு அந்தத் திகைப்பு இருக்காது. வெம்மையைத் தருபவளும் குளிர்விப்பவளும் அங்கே ஒருத்திதான். வேப்பிலையும் கூழும் அவளோடு பேரம் பேசுகிற வழி. ‘நோய் தெய்வமென்றால் அதை எதிர்ப்பது பாவமா?’ என்ற கேள்வியே எழாது. போகச் சொல்லிக் கேட்பதுதான் அங்கே வழிபாடு. கண்ணாடியிடம் எதையும் கேட்க முடியாது, பார்க்கலாம், அவ்வளவுதான். கருங்கல்லோ கிருமி எப்படியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லாது. கேலி செய்தவர்கள் கல்லிடம் எதிர்பார்த்தது கண்ணாடியின் வேலையை.

2021-ல் ஜெரம் இன்னொன்றும் செய்தார். பிரிட்டனில் ஒரு கோடிப் பேருக்குத் தடுப்பூசி போட்டதைக் கொண்டாட, ஆஸ்ட்ராஜெனெகா மருந்தின் நுண்துகளைப் பத்து லட்சம் மடங்காக்கி 34 செ.மீ. கண்ணாடியில் வடித்தார். நோய்க்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என அவருக்கு இரண்டு சிற்பங்கள் தேவைப்பட்டன.