ஐந்தரை மணித்தியாலத் தூரம்

எட்டாந்தரப் பிள்ளைகளுக்குப் பூகோள உருண்டையில் நூல் பிடித்துத் தூரம் அளக்கப் பழக்குவது என் வழக்கம். எங்கள் பாடசாலை உருண்டையின் விட்டம் 30 சென்ரிமீற்றர். அதில் ஒரு சென்ரிமீற்றர் பூமியில் ஏறத்தாழ 425 கிலோ மீற்றர். கடந்த தவணையில் கட்டுநாயக்கவிலிருந்து றியாத் வரை நூல் பிடித்தோம். ஒன்பதரை சென்ரிமீற்றர் வந்தது. அதாவது 4,000 கிலோ மீற்றருக்குச் சற்று அதிகம். விமானம் மணிக்கு 800 கிலோ மீற்றர் பறந்தால் ஐந்து மணித்தியாலம். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஐந்தரை.

"நம்மட ஊரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ்ஸில எட்டு மணித்தியாலம். அங்கிருந்து றியாத் அதவிடக் கிட்ட" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி மட்டும் எழுந்து கேட்டாள்: "அப்ப உம்மா ஏன் சேர் மூணு வருஷமா வரல்ல?"

அவளுடைய உம்மா அங்கே வீட்டுப் பணிப்பெண். ஒப்பந்தம் இரண்டு வருடம். அது முடிந்து ஒரு வருடமாகிறது. பாஸ்போட் வீட்டுக்காரரின் கையில். இது எனக்குத் தெரியாத விடயமல்ல. அந்தப் பெண் புறப்பட்ட அன்று, "ஆறு மணித்தியாலம்தானே தங்கச்சி, பயப்படாதீங்க" என்று தைரியம் சொன்னவனும் நான்தான்.

நான் சொன்ன கணக்குப் பிழையல்ல. ஆனால் சரியான கணக்கைக் கொண்டும் ஒருவரை ஏமாற்றலாம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஐந்தரை மணித்தியாலம் என்பது விமானத்தின் நேரம். மனிதரின் தூரத்தை அளப்பதற்கு வேறொரு கேள்வி வேண்டும்: நினைத்த நாளில் திரும்பி வர முடியுமா?

கடிகாரமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. றியாத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். மாலை ஆறு மணிக்கு இங்கிருந்து ஏறினால் அங்கே இரவு ஒன்பது மணிக்கு இறங்கலாம். அங்கே ஆறு மணிக்கு ஏறினால் இங்கு இறங்கும்போது அதிகாலை இரண்டு மணி. போக மூன்று, வர எட்டு. எத்தனையோ பேரின் வாழ்க்கையில் அந்த எட்டு, வருடங்களாகவும் நீண்டிருக்கிறது.

'விரும்பித்தானே கையொப்பமிட்டாள்' என்பார்கள் சிலர். அவள் போவதற்கே சம்மதித்தாள், திரும்பாதிருப்பதற்கல்ல. கபாலா முறையோ திரும்பும் உரிமையை எசமானின் கையில் கொடுத்தது. 2021 மார்ச்சில் சவூதி அரேபியா அம்முறையைத் தளர்த்தி, எசமானின் அனுமதியின்றியே வெளியேற வழிசெய்தபோதும் அச்சலுகையில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை.

ஆனால் பழி முழுவதையும் அந்த எசமான் மீதோ சட்டத்தின் மீதோ போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அவள் அனுப்பிய காசில் வந்த கொப்பிகளைத்தான் நான் திருத்துகிறேன். அந்தக் காசு மாதாமாதம் வந்து சேர்ந்ததால், அவளும் கிட்டத்தில்தான் இருக்கிறாள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். தூரம் குறையும்போது கடமையும் குறைவதில்லை, கூடுகிறது. கப்பல் காலத்தில் 'தொலைவு' என்று சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். ஐந்தரை மணித்தியாலத்தில் இருப்பவரை மறந்ததற்கு என்ன சொல்வது?

அன்று பின்னேரம் மாணவியின் வாப்பாவைக் கூப்பிட்டு, உரிய காரியாலயத்துக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடிக்க அரை மணித்தியாலம் சென்றது. அந்த அரை மணித்தியாலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் சென்றிருக்கிறது.