கேட்கிற பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

திருச்செங்கோட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாலையில் வீட்டுப்பாடத்தை விரித்தால், சந்தேகம் கேட்கப் பல வீடுகளில் ஆள் இருக்காது. அப்பா ரிக் வண்டியோடு ஆந்திராவிலோ சத்தீஸ்கரிலோ போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார், திரும்பிவர மாதக்கணக்காகும். அம்மா விசைத்தறியில் ஷிஃப்டில் நிற்பார். கணக்கைக்கூட எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ஆங்கிலமும் உயிரியலும்தான் இடிக்கும். ஆங்கிலம் வீட்டில் யாரும் பேசாத மொழி. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு உயிரியலும் அந்த மொழியில்தான். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்கிறது, கைடைப் புரட்டுகிறது, செல்போனிடம் கேட்கிறது. கேட்ட மாத்திரத்தில் விடை கிடைக்கிறது. நோட்டில் ஏறுகிறது, மறுநாள் சிவப்பு மையில் டிக் விழுகிறது. பிள்ளைக்கு எதுவும் விளங்கவில்லை.

காப்பியடித்துவிட்டது என்று பிள்ளையைக் கண்டிப்பது சுலபம், அது நியாயமல்ல. வீட்டில் சொல்லித்தர ஒருவர் இருப்பார் என்று எண்ணிக் கொடுக்கப்படும் பாடம், அப்படி ஒருவர் இல்லாத பிள்ளையைத் தொடக்கத்திலேயே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சின்ன வகுப்புகளுக்காவது சிலர் வாய் திறந்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான் கைகொடுக்கிறது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளும் எட்டாம் வகுப்போடு நின்றன. பாடம் கடினமாகும் ஒன்பதாம் வகுப்பில்தான் பிள்ளை தனித்துவிடப்படுகிறது. அந்த நிலையில் உதவி கேட்பது குற்றமாகாது. கேட்காமல் ஒதுங்கிப்போகும் பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படியானால் அறக்கேள்வி கேட்பவரை நோக்கியதல்ல, கொடுப்பவரை நோக்கியது. இதயத்தின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகப் படத்தில் இடது வென்ட்ரிக்கிள் பார்ப்பவரின் வலப்பக்கம் இருக்கும். ஏன் என்று யோசிக்காமல் வரைந்து பெயர் எழுதிவிடலாம், மதிப்பெண்ணும் வரும். உதவுபவர் அந்தப் புத்தகத்தை, படம் வெளியே தெரிய, பிள்ளையின் நெஞ்சோடு பிடிக்கச் சொன்னால் போதும். புத்தகத்து இதயம் பிள்ளையின் இதயத்தோடு சேர்ந்துவிடும், இடது இடதாகவே நிற்கும். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்திருக்கிறது என்ற கேள்வியை அடுத்துக் கேட்கலாம். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவது அந்த அறைதான் என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் வேண்டும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் கைடில் இருக்கும் ஆறும் தோப்பும் நோட்டுக்கு வந்துவிடுகின்றன. மலைமேல் அர்த்தநாரீஸ்வரர் கோயிலும் இரவெல்லாம் ஓடும் தறிச் சத்தமும் அதில் இல்லை. அவற்றைத் தமிழில் சொல்லவைத்து, நான்கு வாக்கியமாவது பிள்ளையின் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதவைப்பதுதான் உதவி. பிழை இருக்கட்டும்.

விடையை எழுதிக் கொடுக்கும் அக்காவின் மனமும் புரிகிறது. நாளைக்கு வகுப்பில் எல்லார் முன்பும் நிற்கவைத்துவிடுவார்கள் என்று பிள்ளை அழும்போது, உட்கார்ந்து விளக்க யாருக்குப் பொறுமை வரும்? ஓரிரவு அப்படிக் காப்பாற்றுவது இரக்கம்தான். ஆனால் தினமும் அதையே செய்தால், பிள்ளை கற்கும் வாய்ப்பை அன்போடு பறிப்பதாகிவிடும். செல்போன் அதைக் களைப்பில்லாமல் செய்கிறது. பிள்ளையின் அழுகை அதற்குத் தெரியாது. பிள்ளைக்குப் புரிந்ததா என்று அதுவாகத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

இந்த வட்டாரத்துக்கு விடையின் மேலுள்ள மோகம் புதிதல்ல. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூவையே உருவேற்றும் பழக்கத்துக்கு திருச்செங்கோடு அடங்கிய நாமக்கல் மாவட்டத்தின் விடுதிப் பள்ளிகள் பெயர்பெற்றிருந்தன. மாநில ரேங்க் பட்டியலை அரசு 2017இல் நிறுத்தியதற்கும், 2017–18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கும் அந்த மனப்போக்கும் ஒரு காரணம். சட்டத்தால் தேர்வு முறையை மாற்றலாம். மாலை ஆறு மணிக்கு ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருவதை எந்த அரசாணையும் செய்துவிட முடியாது.

அதைச் செய்யக்கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். திருச்செங்கோட்டைச் சுற்றிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அங்கே படிக்கும் இளைஞர்கள் தெருவில் உள்ள ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்கலாம். ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: வீட்டில் கேட்க யார் இருக்கிறார் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் விசாரித்துவிட்டு, அதன் பிறகு வீட்டுப்பாடம் கொடுங்கள்.